ஒரே செடி, நாலு தேத்தண்ணி

என் மாமாவிடம் தேத்தண்ணி கேட்பது பெரும் பிழை. இதை அறியாத மனிதர்கள் மன்னாரில் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு கோப்பை கேட்டால், எது என்று திருப்பிக் கேட்பார். தேத்தண்ணியில் என்ன ‘எது’ என்று நீங்கள் விழித்தால் தொலைந்தீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, வெள்ளைத் தேயிலையில் தொடங்கி, பச்சைக்குப் போய், ஊலோங்கில் நெடுநேரம் நின்று, கறுப்புக்கு வந்து சேர்வதற்குள் உங்களுக்குத் தாகம் போய்விடும்.

கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த பிறகும் நான் தப்பவில்லை. காலையில் கைபேசியைத் திறந்தால் மாமாவின் குரல் பதிவு கிடக்கும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதே, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது, ஒரு மணித்தியாலம் பொறு. பெரும்பாலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் நான் அதைக் கேட்பேன்.

இந்தத் தேயிலை வருத்தம் அவருக்கு நோய்போலத் தொற்றியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு உப்புக்குளத்தில் இருந்தது. அப்பா நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். மாமா அம்மாவின் ஒரே தம்பி. போர் முடிந்த கையோடு பிடிபட்டு, தடுப்பு முகாம்களில் இருந்து, பிறகு விடப்பட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவர். அந்த வயதில் எனக்கு யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. வவுனியாவில் ஏதோ படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னார். நானும் நம்பினேன்.

வந்த புதிதில் மாமா கதைக்கவே மாட்டார். பின்வளவில் முருங்கை மரத்துக்குக் கீழே, கவிழ்த்து வைத்த வாளியில் இருப்பார். சாப்பிட்டீர்களோ என்று கேட்டால் ஓம் என்பார். சாப்பிடாமலும் ஓம் என்பார். வீட்டுக்கு யாராவது வந்து படலையைத் தட்டினால் எழும்பிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அந்த மாமாமீது எனக்கு முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை. பாடம் கேட்கமாட்டார், கோள் சொல்லமாட்டார், என் பங்கு வடையைத் தின்னமாட்டார். ஒரு மாமா எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தார்.

அப்பாதான் அதைக் கெடுத்தார். கந்தோரில் அவருடன் வேலை செய்த ஒருவரின் அண்ணன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். அவரைப் பிடித்து மாமாவை அங்கே வேலைக்கு அனுப்பினார். ஒரு வருடம் ஆகுமுன் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். மாமா திரும்பி வந்தார். வரும்போது கயிற்றால் கட்டிய ஒரு பெரிய மட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். அன்று மாலை, அம்மா வழக்கம்போல் தேயிலைத் தூளைக் கேத்திலில் கொட்டிக் கொதிக்கவைத்தபோது, அடுப்படி வாசலில் நின்று மாமா வாய் திறந்தார்.

“அக்கா, தேயிலையை அவிக்கக்கூடாது.”

அம்மா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கேத்தில் சுட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. மட்டைப்பெட்டிக்குள்ளிருந்து பொட்டலம் பொட்டலமாக வந்தது. தினமும் காலையில், நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, மாமா மேசையில் நாலு கோப்பைகளை வரிசையாக வைப்பார். நாலும் ஒரே செடி என்பதுதான் முதல் வசனம். அதைச் சொல்லிவிட்டு, நாங்கள் ஆச்சரியப்படுவதற்காகக் கொஞ்சம் பொறுப்பார். முதல் நாள் ஆச்சரியப்பட்டோம். அதன்பிறகு அவர் வீணாகப் பொறுத்தார்.

வெள்ளைத் தேயிலை என்பது விரியாத மொட்டு. அதைக் கசக்காமல் காயவிட்டு எடுப்பது. நிறமும் இராது, மணமும் சொற்பம், விலை மட்டும் தாராளம். பச்சைத் தேயிலை பறித்த கையோடு சூடு காட்டப்பட்டது, அதனால் நிறம் மாறாமல் நிற்கும். ஊலோங் பாதி மாறவிட்டது. கறுப்பு, நாங்கள் எல்லோரும் குடிக்கிற தேத்தண்ணி, வாடவிட்டு, உருட்டி, முழுக்க நிறம் மாறவிட்டு உலர்த்தியது. கறுப்பு நித்திரையை முறிக்கும். பச்சை உடம்பைப் பழுதாக்குகிற சாமான்களை எதிர்க்கும் என்று சொல்கிறார்கள். “சொல்லுகினம்” என்றுதான் மாமா சொல்வார், தான் பொறுப்பில்லை என்பதுபோல. இஞ்சி போட்டால் ஓங்காளத்துக்கு நல்லது. ஆவாரம்பூவும் வில்வம்பூவும் நன்னாரியும் தேத்தண்ணியே இல்லை. அவற்றைக் கசாயம் என்று சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு நாள் தெரியாத்தனமாக ‘ஆவாரம்பூத் தேத்தண்ணி’ என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து வீடு திரும்பினார்.

குடிப்பதாவது உடனே குடிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. ஊறவேண்டும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி மாமா நிற்பார். அவர் தலையாட்டுமுன் கோப்பையில் கைவைத்தால், பூசை முடியுமுன் பிரசாதத்தைத் தொட்ட மாதிரிப் பார்ப்பார். ஊலோங் ஊறவில்லை என்பதற்காக நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போயிருக்கிறேன். வகுப்பு ரீச்சரிடம் காரணம் சொன்னபோது அவர் நம்பாமல் என்னை வெளியே நிற்க வைத்தார்.

இதைவிடப் பெரிய கரைச்சல் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். குளித்தால் தலைமயிர் தும்புபோல நிற்கும். அதில் தேத்தண்ணி போட்டால் மேலே ஆடை மாதிரி ஒன்று படரும். பிறந்த நாள் முதல் அதைத்தான் குடித்தோம், யாரும் செத்துப்போகவில்லை. குழாய்த் தண்ணீர் மருந்து மணக்கிறது என்று மாமா அதையும் தள்ளிவிட்டார். சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு, தீவிலிருந்து பாலம் கடந்து, பெருநிலப் பக்கம் அம்மாவின் ஊர் வயற்கிணற்றுக்குப் போய் அள்ளிவருவார். தனியே போகட்டும் என்று விட்டார்களா? கானைப் பிடிக்க என்னையும் ஏற்றினார்கள். பாலத்தில் காற்று எதிராக வீசும். மாமா மிதித்துக்கொண்டே தண்ணீரின் குணங்களைச் சொல்வார். வாயைத் திறந்தால் மண் விழும் என்பதால் என்னால் மறுத்துப் பேசவும் முடியாது.

முற்றத்துப் பாயில் அவர் காயப்போட்ட ஆவாரம்பூவை ஒரு நாள் தெருக்கழுதை ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போனது. எனக்கு அந்தக் கழுதையைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. மாமா பின்னேரமே புதிய பூ பறிக்கப் போனார். அந்தப் பாலத்துக்கு அப்பால்தான் என்று சொல்லத் தேவையில்லை. கூட யார் போனது என்றும் சொல்லத் தேவையில்லை.

எல்லோரையும்விட அப்பாவுக்குத்தான் பொறுமை குறைவு. அவருக்குத் தேத்தண்ணி என்றால் தூள் தேயிலையைக் கொதிக்கவைத்து, பால்மாவைக் குழைத்து, கரண்டி நட்டமாக நிற்கும் அளவுக்குச் சீனி போட்டது. அந்த மனிதரிடம் காலையில் வெள்ளைத் தேயிலையை நீட்டினால் எப்படியிருக்கும்? கோப்பையைச் சாய்த்துப் பார்ப்பார். “தம்பி, உது கை கழுவின தண்ணியே?” என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சைக்கிளில் பாய்ந்து ஏறுவார். கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் அவர் தன் தேத்தண்ணியைத் தேடிப்போகிறார் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் மாமா ஊலோங்கைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவர் வாசற்படி தாண்டியதில்லை.

நான் ஒரு நாள் அப்பாவிடம் நேரடியாகவே கேட்டேன். இது உங்கள் வீடு, ஒரு அதட்டுப் போட்டால் என்ன? அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போய்ப் படி என்றார். அம்மாவிடம் கேட்டேன். “கதைக்கட்டும், விடு பிள்ளை,” என்றார் அம்மா. இவர்களும் என்னைப்போலச் சலித்துப்போய்த்தான் இருக்கிறார்கள், ஆனால் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பெரியவர்கள்மீது எனக்கிருந்த மதிப்பு அந்த வருடம் மிகவும் இறங்கிப்போயிற்று.

கடைத்தெருவில் ஒரு ஹாஜியாரின் பலசரக்குக் கடை இருந்தது. அவர் போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே கடையை மறுபடி திறந்தவர். அப்பா அவரிடம் போய், மச்சானுக்குத் தேயிலை விற்க ஒரு மூலை தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். தரலாம், ஆனால் நாலு பேர் முன்னால் நின்று விளங்கப்படுத்தக்கூடிய ஆளா, அதை நான் பார்க்கவேண்டும் என்று ஹாஜியார் சொன்னார். அப்படித்தான் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கூட்டம் ஏற்பாடாயிற்று.

ஒரு ஞாயிறு பின்னேரம். சனசமூக நிலையத்திலிருந்து கதிரைகள் வந்தன. அம்மா வடை சுட்டார், கேக் வெட்டினார். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியுடன் முன்வரிசையில் இருந்தார். பக்கத்து வீட்டு ரீச்சர் வந்தார், தெருவில் நாலைந்து பேர் வந்தார்கள், அப்பாவின் கந்தோரிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பொறியியலாளரும் ஒருவர். மாமா அப்பாவின் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். தோள் இடம் பற்றாமல் இழுத்தது. நான் அறைவாசல் திரைச்சீலைக்குப் பின்னால் கோப்பைகளோடு நின்றேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். மாமா நன்றாகவே தொடங்கினார். நாலும் ஒரே செடி என்று சொல்லிப் பொறுத்தபோது அங்கே இருந்தவர்கள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்கள். எத்தனை மாதம் காத்திருந்தாரோ, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மொட்டைக் கையில் வைத்துக் காட்டினார். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஹாஜியார் தலையை ஆட்டிக் கேட்டார்.

அப்போது பொறியியலாளர் நல்ல மனத்தோடுதான் கேட்டார்.

“நல்லா விளங்கப்படுத்திறீங்கள் தம்பி. மலைநாட்டுக்குப் போறதுக்கு முதல் எங்க இருந்தனீங்கள்? என்ன செய்தனீங்கள்?”

மாமா வாயைத் திறந்தார். கையிலிருந்த மொட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் கையை விட்டுக் கதிரையைத் தேடி இருந்துவிட்டார். இரண்டு கையும் முழங்காலுக்கு வந்துவிட்டன. முருங்கை மரத்தடியில் இருந்த அதே இருப்பு.

கூடத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். பொறியியலாளருக்குத்தான் எதுவும் விளங்கவில்லை, பாவம், தான் என்ன பிழை கேட்டுவிட்டேன் என்று சுற்றிப் பார்த்தார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வெளியே எதையோ பார்த்தார். அம்மா தட்டோடு நடுவில் நின்றார். அடுப்படியில் கேத்தில் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலம் வேண்டாம் வேண்டாம் என்னும்வரை கதைத்துவிட்டு, கதைக்கவேண்டிய நாளில் இப்படி ஒரு மனிதர் செய்யலாமா?

அப்பா எழுந்தார். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர் அவர். கந்தோர்க் கூட்டங்களில் கடைசி வரிசைக்கு ஓடுகிறவர். செருமிக்கொண்டு சொன்னார்.

“தம்பிக்குத் தொண்டை கட்டிப்போச்சு. மிச்சத்தை நான் சொல்லுறன். தினமும் கேக்கிறனான்தானே.”

எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்பா தினமும் கேட்டவர். என்னைவிடக் கூடவே கேட்டவர்.

“வெள்ளைத் தேயிலை,” என்றார் அப்பா. “அது பால் விட்டுக் காய்ச்சிறது. அதாலதான் வெள்ளை.”

ரீச்சர் வாயைப் பொத்தினார். நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, மொட்டு, மொட்டு என்று மெல்லச் சொன்னேன். அப்பா கேட்டதாகத் தெரியவில்லை.

“அடுத்தது பச்சைத் தேயிலை. இதை நல்லாக் கொதிக்கக் கொதிக்க அரை மணித்தியாலம் அவிக்கவேணும். அவிஞ்சாத்தான் சாறு இறங்கும். கீரை மாதிரி.”

மாமாவின் விரல் ஒன்று முழங்காலில் அசைந்தது.

“அவிக்கக்கூடாது அப்பா!” என்று கொஞ்சம் பலமாகவே சொன்னேன். அப்பா திரும்பி என்னை நேரே பார்த்தார். பார்த்துவிட்டு, “சில பேர் முக்கால் மணித்தியாலமும் அவிப்பினம்,” என்றார்.

சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இதைச் சொல்லாமல் இருப்பாரா?

“ஊலோங் எண்டது வேற மரம்,” என்றார் அப்பா.

“இல்லை அத்தான்,” என்று மாமா சொன்னார். காதைத் தீட்டினால்தான் கேட்கும் சத்தம்.

“வேற மரம். எங்கட வேம்பு மாதிரி உயரமா வளரும். ஏணி வச்சுத்தான் பறிக்கிறது. கறுப்புத் தேயிலை இன்னொரு மரம்.”

“இல்லை அத்தான்!” மாமா எழுந்துவிட்டார். “நாலும் ஒரே செடி! எத்தினை தரம் சொன்னனான்!”

“அப்ப பச்சையை அவிக்கிறதில்லையோ?”

“அவிச்சால் கைக்கும் அத்தான்! குடிக்க ஏலாது! பாலும் விடக்கூடாது! நீங்கள் இருங்கோ, தயவுசெய்து இருங்கோ.”

அப்பா இருந்தார். மாமா நெற்றி வியர்வையை அந்த இறுக்கமான சேட்டின் கையால் துடைத்துக்கொண்டு, முதலில் அத்தான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கோ என்று சனத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு மொட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்தமுறை கோபத்தோடு சொன்னார். கோபத்தில் அவர் இன்னும் நன்றாகச் சொன்னார். ஊலோங்கைக் கூட ஒருவரும் கொட்டாவி விடாமல் கேட்டார்கள். பொறியியலாளர் முதல் கேள்வியைப் பிறகு கேட்கவில்லை. இஞ்சித் தேத்தண்ணி பஸ் பிரயாணத்துக்கு நல்லதா என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக ஹாஜியார் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்குச் சீனி வருத்தம் தம்பி. இதுல எதைக் குடிச்சா மாறும்?”

“ஒண்டாலையும் மாறாது ஹாஜியார்,” என்றார் மாமா. “தேயிலை மருந்தில்லை. டொக்டர் தாற மருந்தைப் போடுங்கோ. தேத்தண்ணிக்குச் சீனியை விடுங்கோ, அதுதான் பெரிய நன்மை. மிச்சமெல்லாம் வாய்க்கு ருசி, மனதுக்கு ஆறுதல்.”

வியாபாரம் கெட்டது என்று நான் நினைத்தேன். ஹாஜியார் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “பொய் சொல்லத் தெரியாத ஆளாயிருக்கிறாரே உங்கட மச்சான். நாளைக்குக் காலையில கடைக்கு வரச் சொல்லுங்கோ,” என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வழக்கத்தைவிடக் கூட நேரம் விடாமல் வைத்திருந்தார்.

மாமா இன்று அந்தக் கடைத்தெருவிலேயே தனிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் அகப்பட்டுத் தப்பி வருகிறவர்களின் முறைப்பாடுகள் எனக்குக் கொழும்புவரை வந்து சேர்கின்றன. ஆனால் அன்று அவருடைய வெற்றியில் எனக்கு எந்தச் சந்தோசமும் இல்லை. அப்பா பட்ட வெட்கத்தை நினைத்து நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் விடிய மாமா கடைக்குப் போய்விட்டார். போகுமுன், அத்தானுக்குப் பச்சைத் தேயிலை போட்டுக் கொடு என்று எனக்குக் கட்டளை வேறு. கிணற்றடியில், எலுமிச்சை மரத்தில் கண்ணாடியை மாட்டி, அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்துக் கல்லில் கோப்பையை வைத்துக் கேத்திலைச் சரித்தேன்.

“கொதிக்கக் கொதிக்க விடாதை பிள்ளை,” என்றார் அப்பா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் ஆறட்டும். இல்லாட்டி இலை வெந்து கைக்கும். ரெண்டு மூண்டு நிமிசத்தில இலையை எடுத்துப்போடு. கறுப்பெண்டால்தான் கொதிதண்ணி தாங்கும். அது முழுக்க மாறின இலை, இது மாறாதது.”

கேத்தில் என் கையில் அப்படியே நின்றது.

“அப்ப நேற்று ஏன் பிழையாச் சொன்னனீங்கள்?”

“நேற்றோ? நேற்று மறந்துபோச்சு,” என்று சொல்லிவிட்டு அப்பா மற்றக் கன்னத்தைத் தொடங்கினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் நாலு பேரைக் கண்டதும் பயத்தில் மறந்துவிட்டார், நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தும் காதில் விழுத்தவில்லை, ஊர் முழுக்கச் சிரித்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தார். “ஓம் பிள்ளை,” என்றார். “கொப்பாவுக்கு ஞாபகசக்தி காணாது.”

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நின்று பார்க்க எனக்கு நேரமில்லை, பள்ளிக்கூட மணி அடிக்கப்போகிறது. இனிமேல் இந்த வீட்டில் கூட்டம் வைத்தால் அப்பாவை மட்டும் பேச விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.